வெளிநாட்டு ஏ.டி.எம்மில் கார்டைச் செருகும் முன்: வாசகர் கேள்வி பதில்

விடுமுறைக்கு வெளிநாட்டு டிக்கெட் போட்டவர்களிடமிருந்தும், போய்விட்டு வந்து வங்கி ஸ்டேட்மென்டைப் பார்த்துத் திகைத்தவர்களிடமிருந்தும் வந்த கடிதங்கள் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. அங்கே ஏ.டி.எம்மில் பணம் எடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள், அதை எப்படிக் குறைப்பது? இந்த இதழின் பணப் பக்கம் முழுக்க அதற்கே.

பாங்காக்கில் ஐந்தாறு தடவை 3,000 பாட், 3,000 பாட்டாக எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போயிருக்கிறது. வங்கியில் கேட்டால் "எங்கள் சார்ஜ் 125 ரூபாய்தான்" என்கிறார்கள். மீதி எங்கே போனது?
*– வாசகர், திருச்சி*

வங்கி சொல்வது பொய்யில்லை. ஆனால் முழுக் கணக்கும் அதுவல்ல. உங்கள் பணத்தில் மூன்று இடத்தில் பிடித்தம் நடந்திருக்கிறது.

முதல் பிடித்தம் அந்த ஊர் இயந்திரத்துடையது. வெளிநாட்டுக் கார்டு என்றால் தாய்லாந்தில் வங்கிகள் தடவைக்கு 220 பாட்டோ 250 பாட்டோ வாங்குகின்றன. ஆயிரம் எடுத்தாலும் இருபதாயிரம் எடுத்தாலும் அதே தொகைதான். இது ஸ்டேட்மென்டில் தனி வரியாக வராது, எடுத்த பணத்தோடு சேர்ந்து 3,220 பாட் என்று ஒன்றாகவே வரும். அதனால்தான் பலருக்கு இது கண்ணிலேயே படுவதில்லை.

இரண்டாவது, உங்கள் வங்கி வெளிநாட்டில் பணம் எடுத்ததற்கு வாங்கும் கட்டணம். பல தனியார் வங்கிகளில் 125 முதல் 150 ரூபாய் வரை. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 125 ரூபாய் என்றால் 147.50 ஆகிறது.

மூன்றாவதுதான் பெரியது, மார்க்அப். விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்கள் அன்றைய விலைக்குப் பாட்டை ரூபாயாக்கிக் கொடுத்த பிறகு, உங்கள் வங்கி அதன்மேல் 3.5 சதவீதம் வரை ஏற்றுகிறது. அதற்கும் ஜி.எஸ்.டி. உண்டு என்பதால் உண்மையில் 4.13 சதவீதம்.

ஒரு பாட் 2.70 ரூபாய் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 3,000 பாட் 8,100 ரூபாய். இயந்திரக் கட்டணம் 220 பாட், அதாவது 594 ரூபாய். வங்கிக் கட்டணம் 147.50. மார்க்அப் 3,220 பாட்டுக்கும் சேர்த்து, அதாவது 8,694 ரூபாய்க்குப் போடப்படும். அது ஜி.எஸ்.டி.யோடு 359 ரூபாய். ஆக 8,100 ரூபாய்க் காசை எடுக்க 1,100 ரூபாய் செலவு. பதின்மூன்றரை சதவீதம்!

அதே நீங்கள் ஒரே தடவையில் 20,000 பாட் எடுத்திருந்தால் இயந்திரக் கட்டணமும் வங்கிக் கட்டணமும் ஒருமுறையோடு போயிருக்கும். மொத்தப் பிடித்தம் சுமார் 2,996 ரூபாய், அதாவது ஐந்தரை சதவீதம். அதற்குக் கீழே இறங்க வேண்டுமானால் மார்க்அப் இல்லாத டெபிட் கார்டு வேண்டும். சில வங்கிகள் 'ஜீரோ மார்க்அப்' என்று தருகின்றன. வாங்கும்போது, மார்க்அப் இல்லாதது கடையில் தேய்ப்பதற்கு மட்டுமா, ஏ.டி.எம்முக்கும் சேர்த்தா, வெளிநாட்டு ஏ.டி.எம் கட்டணம் தனியாக உண்டா என்ற மூன்றையும் கட்டண அட்டவணையில் பார்த்துவிடுங்கள். விளம்பரத்தில் முதலாவது மட்டும்தான் பெரிய எழுத்தில் இருக்கும்.

மொத்தமாக எடுத்த பணத்தை மொத்தமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. பாதியை ஹோட்டல் அறை லாக்கரில் வையுங்கள்.

இன்னொன்று. இருப்பு எவ்வளவு என்று பார்க்கக்கூட வெளிநாட்டு ஏ.டி.எம்மைத் தொடாதீர்கள், பல வங்கிகள் அதற்கும் 25 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும். செல்போன் ஆப்பில் பார்த்தால் இலவசம்.

ஏ.டி.எம் திரையிலேயே இந்திய ரூபாயில் தொகையைக் காட்டி "சம்மதமா?" என்று கேட்கிறது. ரூபாயில் என்றால் மார்க்அப் மிச்சம்தானே? வேண்டாம் என்று அழுத்தினால் பணம் வராமல் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
*– வாசகி, கோயம்புத்தூர்*

அந்தப் பயத்தை நம்பித்தான் அந்தத் திரையே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தாராளமாக வேண்டாம் என்று அழுத்துங்கள், பணம் வரும்.

இதற்கு டி.சி.சி. என்று பெயர். ரூபாயாக மாற்றும் வேலையை உங்கள் வங்கியிடமிருந்து அந்த இயந்திரக்காரர் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறார். விலையையும் அவரே வைக்கிறார். கணக்குக்கு, சந்தை விலை 2.70 ஆக இருக்கும் நாளில் திரை 2.92 என்று காட்டுகிறது என்று வைப்போம். 10,000 பாட்டுக்கு 27,000 ரூபாய்க்குப் பதில் 29,200. வித்தியாசம் 2,200 ரூபாய். உங்கள் வங்கியின் மார்க்அப்பையே கொடுத்திருந்தாலும் 1,115 ரூபாயோடு முடிந்திருக்கும். இதற்கு மேல், வெளிநாட்டில் ரூபாயிலேயே நடந்த பரிவர்த்தனை என்று தனியாக ஒரு கட்டணம் போடும் வங்கிகளும் உண்டு. அப்போது இரண்டு பக்கமும் இடிதான்.

திரையில் வாசகம் ஊருக்கு ஊர் மாறும். 'அக்செப்ட் கன்வர்ஷன்', 'டிக்ளைன் கன்வர்ஷன்' என்று இரண்டு பொத்தான் இருக்கும். அல்லது 'வித் கன்வர்ஷன்', 'வித்தவுட் கன்வர்ஷன்' என்று இருக்கும். டிக்ளைன், வித்தவுட் இரண்டும்தான் உங்களுக்கு உரியவை. அழுத்தியதும் "நிச்சயமாக வேண்டாமா? விலை ஏறக்கூடும்" என்கிற தொனியில் இன்னொரு திரை வரலாம். அதிலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். டிக்ளைன் என்பது விலை மாற்றத்தை மறுப்பதுதான், பணம் எடுப்பதை ரத்து செய்வதல்ல. எந்தப் பொத்தான் எதற்கு என்றே புரியாவிட்டால் கேன்சல் அழுத்திக் கார்டை எடுத்துக்கொண்டு வேறு வங்கி இயந்திரத்துக்குப் போங்கள். இயந்திரக் கட்டணம் எவ்வளவு என்று காட்டும் திரையிலிருந்தும் அப்படி வெளியேறலாம், காசு கைக்கு வராதவரை அந்தக் கட்டணம் ஏறாது.

ஹோட்டல் கவுன்டரிலும் கடைகளிலும் இதே வேலை நடக்கும். அங்கே பொத்தானை அழுத்துவது நீங்களல்ல, காசாளர். கார்டைத் தரும்போதே "லோக்கல் கரன்சி" என்று சொல்லிவிடுங்கள். ரசீதில் ரூபாய்த் தொகை அச்சாகியிருந்தால் அங்கேயே நின்று அதை ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம். ஊர் திரும்பிய பிறகு கேட்டால், "நீங்கள் சம்மதித்ததாகப் பதிவாகியிருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு இரண்டு மாதம் போகிறோம். நானும் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள். கையில் எவ்வளவு காசு வைத்துக்கொள்வது? கார்டு அங்கே வேலை செய்ய என்ன செய்ய வேண்டும்?
*– வாசகர், சேலம்*

லண்டனில் காசு தேவைப்படும் இடங்கள் குறைவு. நகரப் பேருந்துகளில் 2014-லிருந்தே காசு வாங்குவதில்லை. கார்டைக் காட்டித் தட்டினால் போதும், ஆனால் கார்டில் அலை அலையான கோடு போட்ட கான்டாக்ட்லெஸ் குறி இருக்க வேண்டும். நூறு, நூற்றைம்பது பவுண்டு நோட்டாக வைத்துக்கொண்டு கிளம்பினால் தாராளம்.

காசு எடுக்க நேர்ந்தால் இயந்திரத்தின் மேல் 'ஃப்ரீ கேஷ் வித்ட்ராயல்ஸ்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பிரிட்டனில் வங்கிகளின் இயந்திரங்கள் பெரும்பாலும் அப்படித்தான். சின்னக் கடைகளுக்குள் நிற்கும் தனியார் இயந்திரங்களில்தான் கட்டணம் கேட்கும். ஒன்றை மறக்க வேண்டாம். ஃப்ரீ என்பது அந்த இயந்திரக் கட்டணத்துக்கு மட்டும், சேலத்து வங்கியின் கட்டணமும் மார்க்அப்பும் அப்படியே இருக்கும்.

கார்டு விஷயம்: ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபரிலிருந்து வழங்கப்படும் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே திறக்க வேண்டும். வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குள் போனால் 'இன்டர்நேஷனல்' என்ற தலைப்பின் கீழ் ஏ.டி.எம், கடை, ஆன்லைன், கான்டாக்ட்லெஸ் என்று தனித்தனிச் சுவிட்ச் இருக்கும். ஏ.டி.எம், கடை, கான்டாக்ட்லெஸ் மூன்றையும் திறங்கள். ஆன்லைனை மூடியே வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தினசரி வரம்பு பூஜ்யமாக இருந்தால் சுவிட்ச் திறந்தும் கார்டு வேலை செய்யாது. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள். ஏ.டி.எம்மில் 'பின்' என்கிற ரகசிய நம்பர் போதும், ஓ.டி.பி. வேண்டாம். ஆனால் அங்கே போய் ஆப்பில் எதையாவது மாற்ற நினைத்தால் ஓ.டி.பி. இந்திய சிம்முக்குத்தான் வரும். சிம்மைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம் போட்டால் சில ஆப்கள் திறக்கவே திறக்காது. இரண்டு சிம் போடும் போன் என்றால் இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்து டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள்.

இருவரும் வேறு வேறு வங்கிக் கார்டு வைத்துக்கொள்வது நல்லது, ஒரே பர்ஸில் வேண்டாம்.

வியட்நாம் போகிறோம். ஏஜென்ட் ஃபாரெக்ஸ் கார்டுதான் சிறந்தது என்கிறார். உண்மையா?
*– வாசகர், நாகர்கோவில்*

அமெரிக்காவுக்கோ ஜெர்மனிக்கோ போகிறீர்கள் என்றால் ஏஜென்ட் சொல்வது சரி. டாலரோ யூரோவோ ஏற்றிய கார்டை அந்தந்த நாணயத்திலேயே செலவழிக்கும்போது மார்க்அப் கிடையாது, ஏற்றிய நாளின் விலையே கடைசிவரை. ஏ.டி.எம்மில் எடுத்தால் தடவைக்கு 2 டாலர் அளவில் கார்டு நிறுவனத்தின் கட்டணம் உண்டு, இயந்திரக் கட்டணம் வேறு.

வியட்நாமுக்குக் கதை வேறு. பெரும்பாலான ஃபாரெக்ஸ் கார்டுகளில் வியட்நாம் நாணயமான டாங்கை ஏற்ற முடியாது. ரூபாய் கொடுத்து டாலர் ஏற்றுவீர்கள், அங்கே எடுக்கும்போது டாலரிலிருந்து டாங்குக்கு மாற்றுவார்கள். அதற்குக் கிராஸ் கரன்சி என்று 3.5 சதவீதம் வரை பிடிக்கும் கார்டுகள் இருக்கின்றன. ஆக டாலர் வாங்கும்போது ஒரு இழப்பு, அதை மாற்றும்போது இன்னொரு இழப்பு. இந்தோனேசியா, இலங்கைக்கும் இதே நிலைதான்.

வியட்நாமில் இன்னொரு தொல்லை. பல இயந்திரங்கள் தடவைக்கு 20 லட்சம், 30 லட்சம் டாங்குக்கு மேல் தராது. லட்சம் என்றதும் மலைக்க வேண்டாம், 30 லட்சம் டாங் ஏறக்குறைய 10,000 ரூபாய்தான். ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் ஒரு கட்டணம் என்றால் பாங்காக் கணக்குதான் திரும்பி வரும். ஆகவே இங்கிருந்து டாலர் நோட்டாகக் கொண்டுபோய் அங்கே வங்கியில் மாற்றுவதை முதல் வழியாகவும், மார்க்அப் இல்லாத டெபிட் கார்டை இரண்டாவதாகவும், ஃபாரெக்ஸ் கார்டை மூன்றாவதாகவும் வைப்பேன். 100 டாலர் நோட்டுகளாக இருக்கட்டும். மடிப்பு, கிழிசல், பேனா எழுத்து இருந்தால் மறுப்பார்கள். சின்ன நோட்டுகளுக்குக் குறைந்த விலை கொடுக்கும் மணி சேஞ்சர்கள் பாங்காக்கிலும் உண்டு.

நோட்டாக ஒரு பயணத்துக்கு ஒருவர் 3,000 டாலர் வரை கொண்டுபோகலாம். வாங்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, அதற்கு மேல் வங்கி வழியாகத்தான். மணி சேஞ்சரிடம் "ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து ஒரு டாலர் என்ன விலை?" என்று கேட்டு இரண்டு மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள். சட்டப்படி ஜி.எஸ்.டி. சின்னத் தொகைதான்: குறைந்தபட்சம் 45 ரூபாய், ஒரு லட்சம் ரூபாய் மாற்றினால் 180 ரூபாய். அதற்கு மேல் 'வரி' என்று யாராவது சொன்னால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டுச் செலவுக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (பணம் கொடுக்கும்போதே வசூலிக்கும் வரி) என்று கேள்விப்பட்டுக் கலங்க வேண்டாம், சாதாரணப் பயணச் செலவில் அது நிதியாண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்குத்தான்.

யாழ்ப்பாணம் போகிறோம். இந்திய ரூபாய் செல்லுமா, ஏ.டி.எம்மை நம்பலாமா?
*– வாசகி, மதுரை*

இந்திய நோட்டு அங்கே கடையில் செல்லாது, வங்கியிலோ உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடையிலோ மாற்றலாம். ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் இந்திய நோட்டு எடுத்துச் செல்லலாம்.

ஏ.டி.எம்முக்கு முன்னால் போனைப் பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கைக் கடைகளில் நம் யு.பி.ஐ. செலுத்த வழி இருக்கிறது. ஆப்பில் 'யு.பி.ஐ. இன்டர்நேஷனல்' என்பதைத் தேதி குறித்துத் திறந்தால் கடையின் க்யூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்யலாம். ரூபாயில் எவ்வளவு என்று செலுத்தும் முன்பே திரையில் வரும், விலை பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். கடைக்குத்தான் இது, ஆளுக்கு ஆள் அனுப்ப முடியாது. ஆட்டோவுக்கும் கோயில் வாசல் கடைக்கும் காசு வேண்டும், அதற்கு ஒருமுறை மட்டும் வங்கி இயந்திரத்தில் எடுங்கள்.

என்னிடம் ரூபே கார்டுதான் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்யுமா?
*– வாசகர், திண்டுக்கல்*

எல்லா ரூபேயும் செய்யாது. கார்டின் பின்பக்கம் டிஸ்கவர், டைனர்ஸ், ஜே.சி.பி. என்ற வெளிநாட்டுக் கார்டு நிறுவனங்களின் குறிகளில் ஏதாவது இருந்தால் அந்தக் குறி போட்ட இயந்திரத்தில் வேலை செய்யும். வெறும் ரூபே என்றால் பெரும்பாலான நாடுகளில் வேலை செய்யாது. ஜப்பான் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே பல வங்கி இயந்திரங்கள் வெளிநாட்டுக் கார்டையே ஏற்காது. செவன் இலெவன் கடை இயந்திரத்தையும் தபால் நிலைய இயந்திரத்தையும் தேடுங்கள்.

அவசரத்துக்கு கிரெடிட் கார்டில் பணம் எடுத்தால் என்ன?
*– வாசகர், வேலூர்*

எடுக்காதீர்கள். 10,000 ரூபாய்க்கு உதாரணக் கணக்கு: கேஷ் அட்வான்ஸ் கட்டணம் 500, மார்க்அப் 350, மாதம் 3.5 சதவீத வட்டி 350, மூன்றுக்கும் ஜி.எஸ்.டி. 216. ஆக மொத்தம் 1,416 ரூபாய். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் ரொக்கத்துக்குக் கிடையாது, எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

துபாயில் ஏ.டி.எம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. ஐந்து நாளில் திரும்பாவிட்டால் தினம் 100 ரூபாய் இழப்பீடு என்கிறார்களே?
*– வாசகர், ராமநாதபுரம்*

அந்த 2019-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதி உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டும். வெளிநாட்டு இயந்திரத்துக்குப் பொருந்தாது. பணம் திரும்பாது என்று அர்த்தமில்லை, காலம் பிடிக்கும்.

பல நேரங்களில் கழிந்தது போலத் தெரிவது ஒரு தற்காலிகப் பிடிப்புதான், சில நாளில் தானே விடுபடும். அதற்காகக் காத்திருந்து புகாரைத் தள்ளிப் போட வேண்டாம். புகார் கொடுக்க வேண்டியது துபாய் வங்கியிடம் அல்ல, உங்கள் கார்டைக் கொடுத்த வங்கியிடம். இயந்திரத்தின் எண் (அதன் முகப்பில் ஒட்டியிருக்கும்), வங்கியின் பெயர், இடம், அந்த ஊர் நேரம், கேட்ட தொகை, வந்த எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். ரசீது வராவிட்டால் திரையைப் போனில் படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம். உங்கள் வங்கி கார்டு நிறுவனம் வழியாக அந்த வங்கியிடம் இயந்திரப் பதிவைக் கேட்கும். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448. பணம் வேறொரு நாள் விலையில் திரும்பினால் சில ரூபாய் கூடக் குறைய இருக்கும். வங்கிக் கட்டணத்தையும் மார்க்அப்பையும் சேர்த்துத் திருப்பச் சொல்லிக் கேளுங்கள், கேட்காமல் பெரும்பாலும் தரமாட்டார்கள்.

பணம் எடுத்தது நீங்களே இல்லை என்றால் அது வேறு வழக்கு. ஆப்பில் உடனே கார்டை முடக்குங்கள். தகவல் கசிந்ததில் உங்கள் தவறில்லாதபோது, வங்கியின் எஸ்.எம்.எஸ். வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்கள் தலையில் இழப்பு விழாது.

சில நாட்டு இயந்திரங்களில் முதலில் காசு வரும், கார்டு பிறகுதான் வரும். நம்மூர்ப் பழக்கத்தில் காசை எடுத்ததும் நடையைக் கட்டினால் சில நொடியில் கார்டை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். தஞ்சாவூர் வரும்போதெல்லாம் என் சிங்கப்பூர் கார்டில் தடவைக்கு 10,000 ரூபாய்தான் வருகிறது, ஒவ்வொரு தடவையும் கட்டணம். வழி உண்டா?
*– வாசகி, சிங்கப்பூர்*

அது பல இந்திய இயந்திரங்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு வைத்திருக்கும் வரம்பு, உங்கள் வங்கியிடம் கேட்டுப் பயனில்லை. உங்களுக்கு இங்கே வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கு இருந்தால் அங்கிருந்தே பணத்தை அதில் போட்டுவிட்டு அதன் இந்திய டெபிட் கார்டில் எடுங்கள். அது உள்நாட்டுக் கார்டு என்பதால் இந்த வெளிநாட்டுக் கட்டணம் எதுவும் வராது. அந்தக் கணக்கில் 2023-லிருந்து சிங்கப்பூர் செல்போன் எண்ணை வைத்தே யு.பி.ஐ. போடவும் அனுமதி இருக்கிறது, உங்கள் வங்கி தருகிறதா என்று கேளுங்கள். கணக்கு இல்லையென்றால் சிராங்கூன் சாலை நாணய மாற்றுக் கடைகளில் ரூபாய் வாங்கி வரலாம், ஆளுக்கு 25,000 வரை.